கெலேபி வேலை செய்யும் அறை

"கெலேபி, ஏசி ஓடலியாமே. உள்ள வெந்துட்டியாடா?"

"பாதி வெந்துட்டேன் அக்கா. உப்பு போட்டாப் போதும்."

"சேம்பிலையில சுத்தி வேகவச்ச லூ கொண்டு வந்திருக்கேன். ஆறிடும், வா."

"பெஞ்சுல வச்சிடு. இன்னும் ஒரு ஃபேன் பாக்கி இருக்கு."

"காலையிலேர்ந்து அந்த ஒரு ஃபேனா? ஆமை கூட இந்நேரம் எயுவாத் தீவுக்கு நீந்திப் போய்ச் சேர்ந்திருக்கும்."

உள்ளே சிரிப்பு. அப்புறம் இருமல்.

"அக்கா."

"ம்?"

"அங்கேயே உக்காரு. போயிடாதே."

"நான் எங்கடா போகப் போறேன்?"

இந்தப் பேச்சு நடந்தது நிஜம். தொங்காவின் தலைநகரான நுக்குஅலோஃபா படகுத்துறையின் பின்பக்க வராந்தாவில், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் லெசியேலியும் அந்தப் பக்கம் அவள் தம்பி கெலேபியுமாகப் பேசியது. மாலை நாலு மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் ஜன்னலில் கூட்டம் வேறு. அரைத் தூக்கத்தில் கேட்டிருப்பாள், பிரமையாக இருக்கும் என்று பின்னால் பலர் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "பேசினேன். அவன் சிரிச்சான்."

அதற்குப் பிறகு நடந்ததும் நிஜம். நம்பாதவர்கள் அந்த வராந்தாவில் இருட்டும் நேரத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். பெஞ்சு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு பேசியிருக்கலாமே என்று தோன்றும். தொங்காவில் அது வழக்கமில்லை. பையனுக்கு மீசை அரும்பத் தொடங்கினால் அவன் பாய் வேறு குடிசைக்குப் போய்விடும். அதன் பிறகு அக்கா இருக்கும் அறையில் தம்பி இருக்க மாட்டான். தம்பி இருக்கும் அறைக்குள் அக்கா நுழைய மாட்டாள். தேவாலயம், விருந்து, சாவு வீடு, இவை மட்டும் விலக்கு. இதில் வெறுப்போ சண்டையோ கிடையாது, மரியாதைதான் காரணம். குடும்பத்தில் அக்கா உயர்ந்தவள். அவள் வாய்விட்டு ஒன்று கேட்டால் தம்பி மறுக்கவே முடியாது. அதனாலேயே நல்ல அக்காக்கள் தம்பியிடம் எதையும் கேட்பதில்லை.

லெசியேலி அவனைவிட எட்டு வயது பெரியவள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பதின்மூன்று வயதில் ஒரு நாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பெரிய மனிதன் போல வைத்துக்கொண்டு, பையன்கள் குடிசைக்குப் போனான். 'போகாதேடா' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான். சொல்லவில்லை. அன்று இரவு பின்னலை அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் தூங்கினாள்.

வளர்ந்த பிறகு இருவருக்கும் லூபேயின் கம்பெனியில் வேலை கிடைத்தது. சந்தை, படகுத்துறை, பெரிய கடைகள் என்று ஊரில் தொங்கும் விளம்பரத் திரைகளையெல்லாம் லூபேதான் பார்த்துக்கொள்கிறாள். திரையில் என்ன ஓட வேண்டும், படகு எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் கோழி மலிவு என்பதெல்லாம் லெசியேலியின் பொறுப்பு. அந்தப் படத்தைத் திரைக்கு அனுப்பும் சின்னப் பெட்டிகள் கெலேபியின் பொறுப்பு. முன்னால் அக்கா. பின்னால் தம்பி. நடுவில் எப்போதும் ஒரு சுவர்.

"உங்க ரெண்டு பேருக்குன்னே கடவுள் செஞ்ச வேலைடி இது" என்பாள் லூபே.

சுவர் இருந்ததால் பேச்சு சுலபமாக வந்தது. முகம் பார்த்தால் தலை குனிந்துகொள்ளும் தம்பி, போனில் வாயாடியாக இருந்தான்.

"திரையில படகு சாய்ஞ்சு தெரியுதுடா."

"உன் கழுத்தை நேரா வச்சுப் பாரு அக்கா."

படகுத்துறையில் அவனுக்குக் கிடைத்தது, துடைப்பம் வைக்கும் அறை ஒன்றுதான். அதில் ஆளுயர இரும்பு ரேக் ஒன்றை நிறுத்தி, பெட்டிகளை அடுக்கியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. "பொட்டி மூச்சு விடணும்" என்பான். கனமான யுபிஎஸ் அடியில். சூட்டை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன்கள் உச்சியில். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று மற்றவர்கள் ஃபேனை யுபிஎஸ்ஸில் கொடுக்க மாட்டார்கள். இவன் கொடுத்திருந்தான். "கரண்ட் போனா பொட்டிக்குப் பசிக்கிறதுக்கு முன்னாடி புழுங்கும் அக்கா. புழுங்கியே செத்துடும்." உப்புக் காற்றில் பிளாஸ்டிக் பட்டை நொறுங்கிவிடும் என்று, ஒயர்களையெல்லாம் தென்னை நாரில் பின்னிய கயிற்றால் கட்டியிருப்பான். பல்லி வராமலிருக்க மூலைக்கு மூலை அந்துருண்டை. அந்த அறைக்கு எப்போதும் அந்துருண்டை வாசனை. அவன் சட்டைக்கும் அதே வாசனை.

அறையில் லெசியேலி இருக்கும்போது அவன் வந்தால் கதவில் இரண்டு தட்டு தட்டுவான். தட்டிவிட்டு வராந்தாக் கோடிக்குப் போய்க் கடலைப் பார்த்து நிற்பான். அவள் வெளியே போன பிறகுதான் திரும்புவான். அவன் உள்ளே இருந்து வெளியே வருவதானாலும் அதே இரண்டு தட்டு. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பதினோரு வருஷம் இப்படியே போனது.

அன்று காலையிலிருந்து அந்த அறையில் ஏசி ஓடவில்லை. கெலேபி ஃபேன்களைச் சரிபார்க்க விடியற்காலையிலேயே வந்துவிட்டான். லெசியேலி சந்தையில் வேலையை முடித்துவிட்டு நாலு மணிக்கு லூவோடு வந்தாள். பேசினாள். அவன் சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஸ்க்ரூ டிரைவர் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிர்ர்… கிர்ர்… அவ்வப்போது இருமல். அப்புறம் சத்தம் நின்றது. கொஞ்சம் சாய்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்குக் காவலாளி பெனி சாவிக்கொத்தோடு வந்தார்.

"இன்னுமா உள்ள இருக்கான்?"

"இருக்கான். கொஞ்சம் முன்னாடி பேசினான்."

பெனி தட்டினார். கூப்பிட்டார். கதவைத் தள்ளினார். ஒரு கணம் அப்படியே நின்றவர், சட்டென்று தன் பெரிய உடம்பால் வாசலை அடைத்துக்கொண்டார்.

"நீ வராதே லெசியேலி. நீ வர்ற இடமில்ல இது."

அவள் உள்ளே போகவில்லை. தம்பி இருக்கும் அறை ஆயிற்றே.

மாரடைப்பு என்றார்கள். முப்பத்துமூன்று வயது.

சாவு வீட்டில் இருநூறு பேர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த கூடத்தில், இருபது வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தை அவள் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பவுடர் பூசி, தலையைப் படிய வாரி வைத்திருந்த அந்த முகம் யாருடையதோ போலிருந்தது. அந்துருண்டை வாசனை கூட இல்லை.

அதன் பிறகு லெசியேலிக்குத் தூக்கம் போயிற்று. நாலிலிருந்து ஐந்தரை. கதவு அவள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். அந்த நேரத்துக்குள் எப்போதோ அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறான். அவள் பக்கத்தில் லூவை வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் மறுத்திருக்க முடியாது. திறந்திருப்பாள். பார்த்திருப்பாள். கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான்.

இந்தக் கணக்கை அவள் தினமும் போட்டாள். தினமும் அவன் பிழைத்தான். விடிந்ததும் செத்துப்போனான்.

"அந்த ரூமுக்கு வேற ஆள் பாக்கட்டுமாடி?" என்று லூபே கேட்டாள்.

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

கறுப்பு உடையும், துக்கம் காக்க இடுப்பில் சுற்றும் கிழிந்த பாயுமாக அவள் அந்த அறைக்குப் போகத் தொடங்கினாள்.

முதலில் சின்ன விஷயங்கள்தான். ஃபேனுக்கு முன்னால் இருக்கும் தூசு வலையை நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுப்போவாள். மறுநாள் வந்தால் அது கழுவியிருக்கும். ஓரத்தில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். பெனிதான் செய்திருப்பார் என்று நினைத்தாள்.

"பெனி அண்ணே, வலையைக் கழுவினீங்களா?"

"நானா? என் வீட்டுத் தட்டையே நான் கழுவினதில்லம்மா."

ஒரு நாள் புது ஒயர் ஒன்று இழுத்தாள். அவளுக்கு நார்க்கயிறு முடியத் தெரியாது. பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டுப் போனாள். மறுநாள் பட்டைகள் தரையில் கிடந்தன. ஒயர் நார்க்கயிற்றால் கட்டியிருந்தது. கெலேபியின் முடிச்சு. கயிறு புதியது. பச்சை நார் வாசனை அடித்தது.

அவள் அதைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பயம் வரவில்லை.

அன்று மாலையே… கதவில் சத்தம்.

டொக். டொக்.

கை தானாக வேலையை விட்டது. கால் தானாக எழுந்தது. பதினோரு வருஷப் பழக்கம். கதவைத் திறந்து, தலையைக் குனிந்தபடி, வராந்தாக் கோடிக்கு நடந்துவிட்டாள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

கடலைப் பார்த்தபடி நின்றாள்.

பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்று இல்லை.

அவள் திரும்பவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மறுபடியும் தட்டு வந்தது. மறுபடியும் எழுந்து போனாள். இந்த ஒரு தட்டு இருக்கும் வரை தம்பியும் எங்கோ இருக்கிறான் என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதே சமயம் அதைப்போல் வலித்ததும் வேறில்லை. அவள் உள்ளே இருக்கும் வரை அவன் வர மாட்டான். அவன் வர வேண்டுமென்றால் அவள் போக வேண்டும். செத்த பிறகும் அதே வழக்கம். செத்த பிறகும் நடுவில் ஒரு கதவு.

அந்தப் புயல் நாள் வந்தது.

காலையிலிருந்தே எச்சரிக்கை. மற்றப் படகுகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். எயுவாவிலிருந்து கிளம்பிய படகு மட்டும் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. அதில் வருபவர்களின் வீட்டார் துறைக் கூடத்தில் குழந்தை குட்டிகளோடு நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று.

எல்லாத் திரையும் ஒரே மூச்சில் அணைந்தது. கூடம் கும்மிருட்டு. டிக்கெட் ஜன்னலுக்கு மேலே ஒரு சின்னத் திரை மட்டும் எரிந்தது. அதை மட்டும் கெலேபி யுபிஎஸ்ஸில் சேர்த்திருந்தான். 'எயுவா படகு – வந்துகொண்டிருக்கிறது.' அத்தனை முகங்களும் அதையே பார்த்தன.

"இது எவ்வளவு நேரம் தாங்கும்?" பக்கத்திலிருந்த ஒருவர் கேட்டார்.

லெசியேலி திரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள். புது பேட்டரி என்றால் இருபது நிமிஷம். இது பழசு. ஒரு வாரமாகவே சிவப்பு விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. மாற்று பேட்டரி இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிசயம்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

திரை எரிந்தது.

அரை மணி ஆயிற்று.

திரை எரிந்தது.

அவள் போன் வெளிச்சத்தில் பின்பக்கம் போனாள். வராந்தாவில் மழை சாரலாக அடித்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது.

பீப்… பீப்… பீப்…

கைப்பிடியில் கை வைத்தாள்.

பீப்…

நின்றுவிட்டது.

தானாக நிற்காது அது. யாராவது பட்டனை அழுத்த வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டாள். காதை மட்டும் கதவுப் பக்கம் கொடுத்தாள். உள்ளே ஃபேன் ஓடியது. எல்லா ஃபேனும். அதற்கு அடியில் வேறொரு சத்தம்.

கிர்ர்… கிர்ர்…

ஸ்க்ரூ டிரைவர்.

இருமல்.

அவளுக்குத் தெரிந்த இருமல்.

கதவுக்கு அடியிலிருந்து சூடான காற்று வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. அந்துருண்டை வாசனை.

அவள் இரண்டு தட்டு தட்டினாள்.

கிர்ர்… நின்றது.

காலடி.

ஒன்று… இரண்டு…

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

மூச்சு.

இழுத்து, இழுத்து…

அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வரவில்லை.

பின்னால் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்த அதே பெஞ்சு. அன்று போலவே கதவுக்கு முதுகைக் காட்டி. உள்ளே காலடி திரும்பிப் போனது. மறுபடியும் கிர்ர்… கிர்ர்… அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எட்டுப் பத்துக்குப் படகின் சங்கு கேட்டது. கூடத்தில் கூச்சல், அழுகை, பாட்டு. கடைசி ஆள் இறங்கி உள்ளே வந்ததும் அந்தச் சின்னத் திரை அணைந்தது என்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதே நேரம் லெசியேலியின் முதுகுக்குப் பின்னால் ஃபேன் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து… அடங்கியது.

பெனி டார்ச்சோடு வந்தார்.

"இங்க என்னம்மா பண்றே தனியா?"

"உள்ள பாருங்க அண்ணே."

அவர் கதவைத் திறந்தார். ஆள் இல்லை. அறைக்கு வேறு வழியும் இல்லை. ஓர் ஃபேனின் இறக்கை மட்டும் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெனி டார்ச்சை அதன் மேலேயே பிடித்தார். நின்றது. யுபிஎஸ்ஸின் மூடி கழற்றித் தரையில் வைத்திருந்தது. நாலு ஸ்க்ரூவும் மூடியின் மேல் வரிசையாக. பேட்டரி உப்பி, ஓரம் வெடித்து, வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. அதிலிருந்து போகும் ஒயர் தனியே கழன்று கிடந்தது.

"இது எப்ப செத்துச்சோ" என்றார் பெனி. "இதுல எப்படிம்மா ஒன்றரை மணி நேரம் திரை எரிஞ்சுது?"

"கெலேபிதான். அன்னைக்கும் இப்படித்தான் இருமினான் அண்ணே."

"என்னைக்கு?"

"அன்னைக்கு. நாலு மணிக்கு என்கிட்டப் பேசினப்போ. இன்னும் ஒரு ஃபேன் பாக்கி இருக்குன்னான். நான் வெளியவே உக்காந்திருந்தேன். கதவைத் திறந்திருந்தா அவன் பிழைச்சிருப்பான்."

பெனி டார்ச்சை அணைத்தார். இருட்டில் பெஞ்சு முனகியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"சாவு வீட்டுல உங்க அத்தை என்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க, உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு."

"என்ன?"

"நீ நாலு மணிக்குப் பேசினேன், பேசினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தே. உன் முகத்தைப் பாத்துச் சொல்ல யாருக்கு மனசு வரும்?"

"என்னன்னு சொல்லுங்க அண்ணே."

"அன்னைக்கு நான் அவனைத் தூக்கப் பாத்தேன். கை மடங்கல. கால் மடங்கல. கட்டை மாதிரி விறைச்சிருந்தான். நான் எத்தனை சாவுல உடம்பைத் தூக்கியிருக்கேன் லெசியேலி. ஒரு மணி, ரெண்டு மணியில உடம்பு அப்படி ஆகாது."

மழை ஓட்டில் அடித்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"காலையில ஒம்பது, பத்துக்குள்ள போயிட்டான்னார்."

"பொய்."

"அவன் மடியில ஒரு ஃபேன் இருந்துச்சும்மா. மாட்டாத ஃபேன். அந்த ஒண்ணுதான் பாக்கி."

கரண்ட் வந்தது. வராந்தா பளீரென்று வெளுத்தது. பெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்கு வாம்மா, நான் கொண்டுவிடறேன்" என்றார். அவள் தலையசைத்து மறுத்தாள். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் கூடத்துக்குப் போனார்.

லெசியேலி அறைக் கதவைச் சாத்தினாள். தான் வெளியே நின்றுகொண்டு.

அப்படியென்றால் அவள் காப்பாற்றியிருக்க முடியாது. இத்தனை மாதம் சுமந்த பாரம் ஒரே பேச்சில் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவள் லூவோடு வந்து நின்றபோது அவன் செத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணைத் திறந்தபடி, மடியில் ஃபேனோடு விறைத்துக் கிடக்கும் தன்னை அக்கா பார்த்துவிடுவாளே என்று பயந்திருக்கிறான். அவளைச் சிரிக்க வைத்து, இருமிக் காட்டி, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக்கொண்டே இருந்து, வேறு ஆள் வந்து திறக்கும் வரை அவளை வெளியிலேயே உட்கார வைத்திருக்கிறான்.

அப்படித்தானா? யாருக்குத் தெரியும். அவளுக்கு அப்படித்தான் பட்டது.

கூடத்தில் யாரோ ஒரு குழந்தையைக் கொஞ்சும் சத்தம். படகில் வந்தவர்களை அணைத்துக்கொள்ளும் சத்தம்.

அப்போது உள்ளேயிருந்து…

டொக். டொக்.

வெளியே வரப் போகிறேன், முகத்தைத் திருப்பிக்கொள் என்கிறான்.

லெசியேலி திருப்பிக்கொள்ளவில்லை.

கழுத்து தானாகக் கடல் பக்கம் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள். எழுந்தாள். உள்ளங்கையைக் கதவில் வைத்தாள்.

மரம் சூடாக இருந்தது. உள்ளேயும் யாரோ கை வைத்திருப்பது போல.

மூச்சு. இழுத்து, இழுத்து… மிகப் பக்கத்தில்.

கேட்டுவிட்டால் அவனால் மறுக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால்தான் இருபது வருஷமாக ஒன்றுமே கேட்டதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போன அன்று கேட்கவில்லை. பெஞ்சில் லூ ஆறிக்கொண்டிருந்த அன்று கேட்கவில்லை.

"தம்பி…"

உள்ளே மூச்சு நின்றது.

"தம்பி… நான் உள்ள வரட்டுமா?"